சண்முகத்தாய் எஸ்டேட்ஸ் பிரைவேட் லிமிடெட்

மில்லர்புரம், தூத்துக்குடி
21-4-1974

அன்புள்ள ஜேசுவுக்கு,

செந்தூர்பாண்டி எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். மணியாச்சி வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வீங்கிவிட்டது. நீயும் இன்பமணியும் நலமா என்று கேட்கப் போவதில்லை. மூன்று நாள் உங்கள் வீட்டில் தின்று தூங்கிவிட்டுத்தானே வந்தேன். பாலிடெக்னிக்கில் குச்சி மாதிரி இருந்த பயல், இன்பமணியைக் கட்டிய பிறகு நன்றாகவே சதை போட்டிருக்கிறாய். பெங்களூர் ஒத்துக்கொண்டது.

எழுத வந்தது அங்கே கட்டிய தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. மொட்டை மாடியில் சமையலறைக்கு நேர் மேலே நான் குறித்துக் கொடுத்த இடத்திலேயே கொத்தனார் வேலையை முடித்துவிட்டார். ஐந்துக்கு நாலுக்கு நாலு அடி, ஐந்நூறு காலன் பிடிக்கும். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்துவிட்டு எட்டாம் நாள் நிரப்பு. அவசரப்படாதே. அவருக்குப் பாக்கிக் கூலியை நீயே கொடுத்து, சீட்டை உன் பேரிலேயே வாங்கி வைத்துக்கொள். வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

"ரெண்டு டிரம் இருந்தாலே போதும் அண்ணே, இங்கன குழாயில தினம் ரெண்டு வேளை வருது" என்று இன்பமணி சொன்னது காதில் விழுந்தது. பெங்களூர்க்காரர்களுக்குக் குழாய் மேல் நம்பிக்கை இருக்கலாம். நான் தூத்துக்குடிக்காரன். மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் தெருவில் குடத்தோடு நின்று வளர்ந்தவன். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் இல்லை என்று ஒரு நாளும் சொல்லக் கூடாது. தங்கச்சியிடம் சொல்.

இன்னொன்று. அடுத்த மாதம் முதல் வாடகை மணியார்டரை என் பேருக்கு அனுப்பாதே. "சண்முகத்தாய் எஸ்டேட்ஸ் பிரைவேட் லிமிடெட்" என்று போடு. சண்முகத்தாய் என் அம்மா என்று உனக்குத் தெரியும். அப்பா வன்னியபெருமாள் கருப்பட்டி விற்ற காலத்தில் அங்கே வாங்கிய அந்த ஒற்றை வீடு இப்போது கம்பெனிக்குச் சொந்தம். ஆடிட்டர் சுந்தரராஜ் சொன்ன யோசனை. வேற்று மாநிலத்தில் கிடக்கிற வீடு. அங்கே ஒரு வம்பு வழக்கு வந்தால் அது கம்பெனியோடு நின்றுவிடும், இங்கே நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலுக்கு வராது. பங்குதாரர்கள் அம்மாவும் நானும், டைரக்டர்களும் நாங்களே. சட்டப்படி கம்பெனி ஒரு தனி ஆள். அது வேறு, நான் வேறு. ஆகவே இனிமேல் உன் வீட்டுக்காரன் நான் இல்லை. கூரை ஒழுகினால் என்னைத் திட்டாதே, கம்பெனியைத் திட்டு.

அம்மா இன்பமணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
செந்தூர்பாண்டி


அல்சூர், பெங்களூர்
30-6-1974

கர்த்தருக்குள் அன்பான செந்தூருக்கு,

ஜேசுபாதம் எழுதிக்கொண்டது. உனக்கும், அம்மாவுக்கும், உன் கம்பெனி அவர்களுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். இன்பமணிக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். கையைப் பிடித்து எழுத்துப் பழக்கிவிட்டு வந்து ராத்திரி என்னிடம் கையை நீட்டி அமுக்கிவிடச் சொல்கிறாள்.

அடுத்த மாதம் புதுத் துறைமுகம் திறக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். நீ கல் போட்ட அலைதடுப்பு அதில் படத்தில் தெரிகிறதா என்று தேடினேன். எல்லாக் கல்லும் ஒன்று போல இருக்கிறது.

ஒரு விஷயம். கோபப்படாதே. சமையலறையில், மாடி உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் பொடி உதிர்கிறது. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்தோம். இந்த மழைக்குப் பிறகு அங்கே விரிசல் விட்டிருக்கிறது, என் சுண்டு விரல் நுழைகிறது. சோற்றுப் பானையில் பொடி விழுகிறதென்று இன்பமணி அடுப்பைத் தள்ளி வைத்திருக்கிறாள். நான் லேத்து ஓட்டுகிறவன். இரும்பு என்றால் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன், மரம் எனக்குத் தெரியாது. "அண்ணன் ஒரு நடை வந்து பார்த்தாத் தேவல" என்கிறாள். அதுவரை தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பட்டுமா? ஒரு வரி எழுது.

உன் அன்பு
ஜேசுபாதம்


தூத்துக்குடி
9-7-1974

ஜேசு,

இரண்டு நாளில் திறப்பு விழா. ஒப்பந்தக்காரர் எங்களைப் பிழிகிறார். இந்த நேரத்தில் நீ விரலை விட்டு அளக்கிறாய்.

அது பூச்சு விரிசல். புதுப் பாரம் ஏறினால் பழைய கட்டடம் சற்று உட்காரும், பூச்சு வெடிக்கும். எல்லாக் கட்டடத்திலும் நடப்பதுதான். தண்ணீரும் தொட்டியுமாகச் சேர்த்து மூன்றரை டன். கீழே இரண்டு தேக்கு உத்திரம், ஒன்பதுக்கு ஆறு அங்குலம். இதைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இடம் குறித்தேன். கணக்குத் தாள் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். தினமும் ஐந்து டன் கல்லைக் கடலில் இறக்குகிறவனுக்கு உத்திரம் சொல்லித் தர வேண்டாம்.

தொட்டியைப் பாதி நிரப்பாதே. மேல் பாதி காய்ந்து வெடித்துவிடும். முழுக்க நிரப்பி வை. விரிசலில் சுண்ணாம்பை அப்பு. தங்கச்சியை அடுப்பைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல். ஒவ்வொரு பொடிக்கும் பெங்களூருக்கு ரயில் ஏற என்னால் முடியாது.

செந்தூர்


பெங்களூர்
18-8-1974

செந்தூர்,

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையலறை மாடி தொட்டியோடு இறங்கிவிட்டது. மூன்று நாளாக மழை. நான் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டேன். இன்பமணி அடுப்பண்டை இருந்திருக்கிறாள். உத்திரம் அவள் வலது கையின் மேல். அக்கம்பக்கத்தார் முக்கால் மணி நேரம் தூக்கிப் பிடித்து வெளியே எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு எலும்பு நொறுங்கிப் போயிற்று. கை இருக்கும், விரல்கள் வேலை செய்யாது என்கிறார் டாக்டர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ வா.

ஜேசுபாதம்


சண்முகத்தாய் எஸ்டேட்ஸ் பிரைவேட் லிமிடெட்
பதிவு அலுவலகம்: மில்லர்புரம், தூத்துக்குடி
12-9-1974

பெறுநர்: திரு. ஜேசுபாதம், குடியிருப்பவர், அல்சூர், பெங்களூர்.

ஐயா,

பொருள்: கம்பெனிக்குச் சொந்தமான கட்டடத்தில் 16-8-74 அன்று ஏற்பட்ட சேதம்.

மேற்படி சம்பவம் கம்பெனியின் கவனத்துக்கு வந்துள்ளது. கட்டடத்தின் மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டக் கம்பெனி எவருக்கும் எழுத்து மூலமான அனுமதி வழங்கியதாகப் பதிவு இல்லை. மேற்படி தொட்டி குடியிருப்பவரால் தமது சொந்த வசதிக்காகக் கட்டப்பட்டது என்பது, கொத்தனாருக்குக் கூலி கொடுத்த சீட்டு தங்கள் பேரில் இருப்பதிலிருந்து தெரிகிறது. ஆகவே இதனால் ஏற்பட்ட காயத்துக்கோ நஷ்டத்துக்கோ கம்பெனி பொறுப்பாகாது. கட்டடத்துக்கு ஏற்பட்ட சேதம் குறித்துத் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கும் உரிமையைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
வ. செந்தூர்பாண்டி
மேனேஜிங் டைரக்டர்


பெங்களூர்
25-9-1974

மேனேஜிங் டைரக்டர் அவர்களுக்கு,

தங்கள் 12-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். தாங்கள் என்று எழுதிப் பழக்கமில்லை, கை வரவில்லை.

கடிதத்தை இன்பமணிக்குப் படித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாம். ஆனால் அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "இது அண்ணன் எழுத்துதானா, நல்லாப் பாருங்க" என்றாள். பார்த்தேன். "ழ" போடும்போது வாலை நீளமாக இழுக்கிற பழக்கம் அப்படியே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் நான் பாஸ் பண்ணினேன், எனக்குத் தெரியாதா.

எங்கள் வக்கீல், தொட்டியை வீட்டுக்காரர்தான் கட்டினார் என்பதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. இடம் குறித்துக் கொடுத்தது தாங்கள் என்று ஏப்ரலில் தாங்கள் எழுதியது ஒன்று, "முழுக்க நிரப்பி வை" என்று ஜூலையில் எழுதியது ஒன்று. இரண்டும் இன்பமணியின் வேதபுத்தகத்துக்குள் இருந்தன. கல்யாணத்துக்கு முன் அவள் எனக்கு எழுதிய கடிதங்களையும் அங்கேதான் வைத்திருக்கிறாள்.

இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தங்களிடமே இருக்கட்டும். சிநேகிதன் நம்பி எழுதியதைக் கோர்ட்டில் நீட்டி ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை. கம்பெனி மேல் வழக்குப் போட்டால் எனக்கு வருத்தமிருக்காது. ஆனால் அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு நாளும் எங்கள் வீட்டில் அது சாப்பிட்டதில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். சபையில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். சாவி தனியாக வரும்.

இப்படிக்கு,
இரா. ஜேசுபாதம்,
முன்னாள் குடியிருப்பவர்


மில்லர்புரம், தூத்துக்குடி
17-11-1974

ஜேசு,

அன்புள்ள என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் எழுதவில்லை. நீ இதைப் பாதியில் கிழித்துப் போட்டாலும் போடுவாய், ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ திருப்பி அனுப்பிய என் இரண்டு கடிதங்களும் இந்த உறைக்குள் இருக்கின்றன. பின்பக்கம் "இது நான் எழுதியது" என்று கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். கணக்குத் தாளும் இருக்கிறது. முத்திரைத் தாளில் ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. தொட்டி கட்டச் சொன்னது நான், இடம் குறித்தது நான், விரிசலைப் பற்றி நீ எழுதியும் முழுக்க நிரப்பச் சொன்னது நான், செப்டம்பரில் கம்பெனித் தாளில் எழுதியது பொய். எல்லாவற்றையும் உன் வக்கீலிடம் கொடு. எனக்காக இன்னொரு தரம் இல்லை என்று சொல்லாதே.

இனிமேல் எழுதப் போவது உனக்குத் தெரியாதது.

நீ "வா" என்று எழுதினாய். நான் வந்தேன்.

ஆகஸ்ட் 23-ஆம் தேதி காலை பெங்களூரில் இறங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் வீட்டுக்குப் போனேன். என்ன தப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்துகொள்ளப் போனேன். இடிந்து கிடந்ததற்கு நடுவே நின்று டேப்பைப் பிடித்து அளந்தேன். உன் வீட்டு அம்மிக்குப் பக்கத்தில் தண்ணீர் மொள்ளுகிற ஈயப் போணி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு அளந்தேன்.

உத்திரத்தின் கணக்கு சரிதான். ஒன்பதுக்கு ஆறு, தேக்கு, எல்லாம் சரி. ஆனால் சுவருக்குள் போகிற இடத்தில் ஒன்றரை அடிக்குத் தேக்கு இல்லை, மாவு. பல வருஷம் மழைத்தண்ணீர் இறங்கி, கரையான் பிடித்து, வெளியே பெயின்ட் மட்டும் நின்றிருக்கிறது. பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் போயிற்று. ஏப்ரலிலும் அதே ஸ்க்ரூடிரைவர்தான் என் பையில் இருந்தது. குத்திப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அகலம் உயரம் மட்டும் குறித்துக்கொண்டு, இன்பமணி கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

நீ எழுதிய பொடி அந்த மரம்தான். கேட்டது பாதி நிரப்பட்டுமா என்று மட்டும். அன்று பாதி நிரப்பியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்கும், நான் எப்போதாவது வந்திருப்பேன். அடுப்பைத் தள்ளி வைத்த இடத்திலேயே விட்டிருந்தாலும் போதும், உத்திரம் விழுந்த இடத்துக்கு அது ஐந்தடி தள்ளி. அளந்தேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசல் வரைக்கும் வந்தேன் ஜேசு. நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னத் தெரியவில்லை. மூன்று கால் பிரித்துக்கொண்டு நாலாவதைத் தேடினாய். அவள் சிரித்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, "இது லேத்து இல்லங்க, முடி" என்றாள். உள்ளே வந்திருந்தால் இரண்டு பேரும் என்னைப் பார்த்திருப்பீர்கள். திரும்பிவிட்டேன். வார்டு ஆயா "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். "வார்டு மாறி வந்துட்டேன்" என்றேன்.

தங்கச்சிக்கென்று தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் வாங்கி வந்திருந்தேன். திரும்பும்போது ரயிலில் அதை நானே தின்றேன். பசித்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் ஆடிட்டரைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

"தம்பி, மன்னிப்புன்னு ஒரு சொல்லு எழுதிராதீங்க. எழுதினா ஒத்துக்கிட்டதா ஆயிரும்" என்றார். "கம்பெனி எதுக்குப் போட்டோம்? இதுக்குத்தான போட்டோம். கொத்தனாரு சீட்டு யாரு பேர்ல இருக்கு?"

"ஜேசுபாதம் பேர்ல."

"அப்ப தொட்டி கெட்டுனது யாரு?"

அவர் கேட்டது கேள்வி மட்டும்தான். அதற்குப் பதில் எழுதியது நான். சீட்டை உன் பேரில் வாங்கச் சொன்னவனும் நான். அன்று அதில் சூது இல்லை, நம்பு. சூது செப்டம்பரில் வந்தது. எழுதி முடித்து, நடை நன்றாக இருக்கிறதா என்று இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

உன் பதில் ரிஜிஸ்தர் தபாலில் வந்த அன்று நான் துறைமுகத்தில் இருந்தேன். உறை மேல் கம்பெனி பேர். தபால்காரர் முப்பிடாதி, "சண்முகத்தாய்னு போட்டிருக்கு, உங்களுக்குத்தான் ஆச்சி" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். காலையில் தொடங்கி, மூன்று கடிதத்தையும் நான் வருவதற்குள் படித்து முடித்திருந்தாள். நான் சைக்கிளை நிறுத்தவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, அந்தத் தொட்டியைக் கெட்டுனது யாருல?"

"நான்தாம்மா."

"ஜேசு கெட்டுனான்னு எழுதுனது யாரு?"

"கம்பெனிம்மா."

"கம்பெனின்னா யாருல?"

"நீயும் நானும்தான்."

"நான் எழுதலையே."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் முற்றத்தில் காய்ந்த மிளகாயை அள்ளினாள். எனக்குச் சட்டம் தெரியும், தனி ஆள் என்பதற்கு விளக்கம் சொல்லத் தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன்.

அப்போதே இதை எழுதியிருக்க வேண்டும். ஏழு வாரம் எழுதவில்லை. நீ அனுப்பிய கடிதங்களை ஆபீஸ் டிராயரில் வரைபடங்களுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஒரு நாள் தீப்பெட்டியை எடுத்தேன். உன்னிடம் வேறு சாட்சி இல்லை, நீயே அனுப்பிவிட்டாய், எரித்துவிட்டால் முடிந்தது என்று யோசித்தேன். எரிக்காமல் விட்டதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைக்காரன் சாப்பாட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டான்.

போன வாரம் ஆடிட்டர் வீட்டுக்கு வந்தார். கம்பெனி ரிஜிஸ்திராருக்கு வருஷத் தாள் அனுப்ப வேண்டும், டைரக்டர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நீட்டினார்.

"இதுல தொட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இதுல வராது ஆச்சி."

"இன்பமணி கை இருக்கா?"

"ஆச்சி, இது கம்பெனித் தாள்..."

"அப்ப கையெழுத்து கெடையாது. எம் பேரை வச்சு ஒரு பிள்ளை கையை ஒடிச்சுப்புட்டு, அதையும் அவ புருசன் தலையில போடுதிய. ரெண்டு பேரும் தாளை எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போங்க."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று இருக்கிறது. தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் இன்னும் மோசம்.

மறுநாள் வக்கீல் நல்லக்கண்ணுவைப் போய்ப் பார்த்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கம்பெனி செஞ்சதுக்கு உங்களைப் பிடிக்க முடியாது, சரி. நீங்க உங்க கையால செஞ்சதுக்குக் கம்பெனியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது" என்றார். நான் சட்டப் புத்தகத்தில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் படித்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதால் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்னிடம் இந்தக் கடிதங்கள் இல்லை, நான் வாயை மூடிக்கொண்டால் இப்போதும் தப்பிக்கலாம் என்று அவரே சொன்னார். ஒரு நிமிஷம் அதையும் யோசித்தேன். எல்லாவற்றையும் எழுதுவதென்று உட்கார்ந்தாயிற்று, இதையும் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் கடிதத்தை வாபஸ் வாங்குவதாகக் கம்பெனித் தாளில் ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் அம்மா கையெழுத்துப் போட்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டாள். வழக்கில் கம்பெனியைச் சேர், என்னையும் தனியாகச் சேர். தப்பிக்க எந்தப் பக்கமும் கதவு வைக்க மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வேண்டும். ஆடிட்டர் எழுதக் கூடாது என்று சொன்ன சொல் இதுதான். இப்போது எழுதும்போது, இதுவும் உன்னிடம் ஏதோ கேட்பது போலத்தான் இருக்கிறது. நீ எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. செய்தது தப்பு. அது தெரியும் என்று மட்டும் எழுதுகிறேன்.

வ. செந்தூர்பாண்டி
(மேனேஜிங் டைரக்டர் என்று போடவில்லை.)


மில்லர்புரம், தூத்துக்குடி
16-2-1975

ஜேசு,

நீ பதில் போடவில்லை. எதிர்பார்த்ததாகச் சொல்லிக்கொண்டாலும், தினமும் முப்பிடாதி சைக்கிள் மணிக்கு எழுந்து வாசலுக்குப் போனேன்.

சம்மன் வந்தது. முதல் பிரதிவாதி சண்முகத்தாய் எஸ்டேட்ஸ், இரண்டாம் பிரதிவாதி வ. செந்தூர்பாண்டி. அம்மா அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ரெண்டாவதாத்தான் போட்டிருக்கான், மொதல்ல போட்டிருக்கணும்" என்றாள். வாய்தா மார்ச் 11-ஆம் தேதி. என் பேரைப் பார்த்ததும் மூச்சு வந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். கடிதங்களை வக்கீலிடம் கொடுத்துவிட்டாய் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

வருவேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒப்பந்தக்காரர் காரணம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் பாரக் கணக்குக் கொடுப்பதில்லை. கல் எண்ணுகிற வேலையில் போட்டிருக்கிறார். அவர் செய்தது நியாயம்தான். கோர்ட்டு வாசலில் நின்று திரும்பமாட்டேன். அங்கே என்னைப் பார்த்தால் நீங்கள் இருவரும் பேச வேண்டாம். கேட்டதற்கு நான் ஆம் என்று சொல்வேன், அதைக் கேட்டால் போதும்.

அந்தச் சமையலறையை இன்னும் எடுத்துக் கட்டவில்லை. இடித்ததை அள்ளச் சொல்லி ஆள் விட்டேன். நசுங்கிய ஈயப் போணி ஒன்று கிடைத்ததாம், என்ன செய்யவென்று கேட்டு எழுதியிருந்தார்கள். எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது, 11-ஆம் தேதி கொண்டு வருகிறேன்.

நவம்பரில் நான் அனுப்பிய ரிஜிஸ்தருக்கு ஒப்புகை அட்டை பத்தாம் நாள் வந்தது. அதைப் பற்றி இவ்வளவு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். முப்பிடாதி கையில் கொடுத்தார். பெறுபவர் கையெழுத்து என்ற கோட்டில் உன் கையெழுத்து இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். சுழிகள் மூடாமல், கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருக்கிறது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஒடுக்கிப் போட்டிருக்கிறது. இன்பமணி என்று படிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த முப்பிடாதி, "ஏந் தம்பி, இந்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்களோ?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றேன்.

வ. செந்தூர்பாண்டி